இருநூற்றைம்பது சொற்கள்

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டுவதில்லை, தோளால் இடிக்கிறது.
ஜூலை மாதம். இரவு பதினொன்றே கால்.
முதியோர் இல்லத்துச் சமையலறையை ஒட்டிய அறையில்
உணவியலாளர் ஹிமேனா ஒயார்சுன்
சொற்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
மாநாடு கேட்பது இருநூற்றைம்பது.

எடை கூட்டுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.
இன்று குறைக்க வேண்டும்.

'மிகுந்த' போனது. 'நம்பிக்கையூட்டும்' போனது.
'குறிப்பிடத்தக்க' மட்டும் வாசலில் நின்று
கணக்கைக் காட்டு என்றது.
காட்டினாள்: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு.
பேசாமல் இறங்கிப் போனது.

நோக்கம்:
விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு
பானத்தைக் கெட்டியாக்கிக் கொடுத்தால்
எவ்வளவு குடிக்கிறார்கள்.
முறை: முப்பத்தெட்டுப் பேர், ஆறு வாரம்,
ஒவ்வொரு குவளையும் முன்னும் பின்னும் தராசில்.
முடிவு: குறைவாகக் குடிக்கிறார்கள்.
விலகியவர்: ஒருவர்.

அந்த ஒருவர் எவாரிஸ்தோ மான்சியா.
நாற்பது வருடம் செம்மறிக்கு ரோமம் கத்தரித்த கை.
கெட்டி மாத்தேயைக் குழலில் ஒருமுறை இழுத்தார்,
வரவில்லை. இன்னொருமுறை இழுத்தார்.
குழலைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு,
"இது பசை, அம்மா.
போஸ்டர் ஒட்ட ஆகும், எடுத்துக்கொண்டு போ" என்றார்.
அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

தமிழில் புரையேறுதல் என்கிறோம்.
உச்சந்தலையில் தட்டி
யாரோ உன்னை நினைக்கிறார்கள் என்கிறோம்.
ஹிமேனாவின் ஊரில் அது
நுரையீரலுக்குள் வழி தவறிய ஒரு வாய்த் தண்ணீர்.
மூன்றாம் நாள் காய்ச்சல்.
ஒன்பதாம் நாள் காலியான கட்டில்.
யார் நினைத்தார்கள் என்பது எந்த அட்டவணையிலும் வராது.

கடைசிக் கேள்வி: நலன் முரண் ஏதும் உண்டா?
'இல்லை' என்று நேற்றே தட்டியாயிற்று.
கெட்டியாக்கும் மாவு, இருபத்து நான்கு டின்,
கம்பெனி சும்மா கொடுத்தது,
நன்கொடைப் பதிவேட்டில் இருக்கிறது.
அங்கே இருந்தால் போதாதா.

பதினொன்று ஐம்பத்தெட்டு. அனுப்பினாள்.
திரையில் வட்டம் சுற்றுகிறது.
வெளியே ஏதோ தகரம் அடித்துக்கொள்கிறது.
ஐம்பத்தொன்பது.
பன்னிரண்டு.
கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

பக்கம் மூடவில்லை.
மூலையில் பொடி எழுத்து: சாந்தியாகோ நேரம்.
குளிர்காலத்தில் தலைநகரம்
தெற்கைவிட ஒரு மணி பின்னால் நடக்கும்.
வருடா வருடம் தெரிந்ததுதான், அவசரத்தில் மறந்தது.
இங்கே நாளை வந்துவிட்டது,
அங்கே இன்னும் இன்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்தான்.
ஆனால் இருநூற்றைம்பது சொல்
ஒரு கவளத்துக்குக் காணாது.
அதுவும் அவள் அளந்து பரிமாறுகிறவள்.

'இல்லை'யை எடுத்துவிட்டு
டின்களை எழுதினாள், எண்ணிக்கையோடு.
இடம் போதவில்லை.
நன்றியுரையில் இயக்குநர் இருந்தார்,
முழுப் பதவியோடு, பதினொரு சொல்லில்.
அவரை எழுப்பி அனுப்பினாள்.
மிச்ச இடத்தில், 'விலகியவர்: ஒருவர்' பக்கத்தில்
'பானத்தை மறுத்ததால்' என்று சேர்த்தாள்.
இருநூற்று ஐம்பத்தொன்று.
'ஆகவே'யை அடித்தாள்.

வகை: வாய்மொழியா, போஸ்டரா?
தனியாக இருந்தும் வாயைப் பொத்திச் சிரித்தாள்.
போஸ்டர்.

ரசீது எண் வந்தது.
நடைக்கோடியில் ஓர் இருமல்.
அடுத்ததுக்குக் காத்திருந்தாள், வரவில்லை.
ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மான்சியா தூங்குகிறார், வாய் திறந்து.
கட்டிலடியில் மாத்தேக் குடுவை,
மெல்லிய நீர், இன்னும் இளஞ்சூடு.
எந்தத் தாதி கொடுத்தாள் என்று அவள் கேட்கப்போவதில்லை.
தலைமாட்டை இரண்டு பிடி உயர்த்தினாள்.
குடுவையைக் கையில் எடுத்தாள்.
பழக்கத்தில் கை அதுவாக எடை பார்த்தது:
பாதிக்கு மேல் குடித்திருக்கிறார்.